ஒரு தடவைக்கு ஒன்று

அக்காவிடம் கொம்பியூட்டரைக் கொண்டுபோய் வைத்தால் என்ன கோளாறு என்று கேட்க மாட்டார். "கடைசியா என்ன மாத்துனீங்க?" என்றுதான் கேட்பார். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "நாங்க ஒண்ணும் மாத்தலக்கா, அதுவா கெட்டுப்போச்சு." அக்கா சிரிக்கவும் மாட்டார், திட்டவும் மாட்டார். கொப்பியை விரித்து, ஆளின் பெயரை எழுதி, பக்கத்தில் 'ஒன்றும் மாற்றவில்லை என்கிறார்' என்று குறித்துக்கொள்வார். அந்த 'என்கிறார்' எத்தனை பேருடைய மானத்தை வாங்கியது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். என் பெயருக்குப் பக்கத்திலும் அது இருந்தது.

அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. ஆனால் பூண்டுலோயா டவுனில் 'கொம்பியூட்டர் அக்கா' என்றால் போதும், முச்சக்கர வண்டிக்காரர்கள் இறக்கிவிட்டுப் போவார்கள். நானும் இங்கே பெயரைச் சொல்லப்போவதில்லை, அவருடைய தம்பி குடும்பம் இன்னும் இங்கேதான் இருக்கிறது. முஸ்லிம் நானா ஒருவரின் செருப்புக் கடைக்கு மேலே, மரப்படி ஏறிப்போனால் ஒரு சின்ன அறை. அதுதான் அக்காவின் கடை. கொழும்பில் ஒரு கொம்பியூட்டர் கடைக்கு பில் எழுதப் போனவர், பக்கத்து மேசையில் திருத்துகிறவர்களைப் பார்த்துப் பார்த்தே வேலையைப் பிடித்துக்கொண்டார். பதினைந்து வருடம் அங்கே இருந்துவிட்டு, அம்மா செத்த பிறகு ஊருக்கு வந்து இந்தக் கடையைப் போட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டவுனுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லய வீடொன்றில், தம்பி குடும்பத்தோடு இருந்தார். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர், ஆனாலும் ஊரோடு சேர்ந்து நானும் அக்கா என்றே கூப்பிட்டேன்.

எனக்கு அவருடைய தயவு அடிக்கடி தேவைப்பட்டது. என் தொழில் அப்படி. கொழும்பிலிருந்து ஆய்வுக்கென்று வருகிறவர்கள் தோட்டம் தோட்டமாகப் போய் ஆட்களைப் பேசவைத்துப் பதிந்துகொள்வார்கள். பிறகு கேட்டுப்பார்த்தால் நம் ஆட்களின் பேச்சு அவர்களுக்குப் பாதி விளங்காது. அதைக் கேட்டு எழுத்தில் தட்டிக் கொடுப்பது நான். இரண்டு காதும் ஒரு பழைய கொம்பியூட்டரும்தான் என் மூலதனம்.

ஒருநாள் அந்த கொம்பியூட்டரில் சத்தம் விட்டுவிட்டு வர ஆரம்பித்தது. ஒரு பெரியம்மா பேசிக்கொண்டிருந்தார். "லயத்துக்கு தண்ணி... ண்ணி... ண்ணி..." என்று நின்று, அடுத்த வாக்கியத்தின் பாதியிலிருந்து தொடர்ந்தார். நடுவில் என்ன சொன்னார் என்பது யாருக்குத் தெரியும்? எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. புது ஹெட்போன் வாங்கி மாட்டினேன். பாட்டுக் கேட்கிற மென்பொருளை மாற்றினேன். வைரஸ் காவலை அழித்தேன். யாரோ சொன்னார்கள் என்று சவுண்ட் டிரைவரையும் அழித்து மறுபடி போட்டேன். எல்லாம் ஒரே காலையில். சத்தம் அப்படியே இருந்தது, போதாக்குறைக்கு இப்போது கரகரப்பும் சேர்ந்துகொண்டது. தூக்கிக்கொண்டு மரப்படி ஏறினேன்.

"கடைசியா என்ன மாத்துனீங்க?"

"ஒண்ணும் மாத்தலக்கா."

எழுதினார். நான் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு மறுபடியும் கேட்டார். "உள்ளதச் சொல்லுங்க தம்பி. எத்தன மாத்துனீங்க?"

"நாலு."

"அப்ப நாலயும் பழையபடி வைங்க. வச்சுட்டுக் கொண்டாங்க."

"பழையபடி வச்சா பழையபடி திக்குமேக்கா!"

"திக்கட்டும். இப்ப நீங்க கொண்டாந்திருக்கிறது உங்க கோளாறும் அதோட கோளாறும் கலந்தது. எது யாருதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

உண்மையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து, திட்டிக்கொண்டே, மாற்றியதையெல்லாம் பழையபடி மாற்றி, மறுநாள் மறுபடியும் கொண்டுபோனேன். அக்கா ஒவ்வொன்றாகத் தொடங்கினார். அதே பதிவைக் கைபேசியில் போட்டார், சுத்தமாகக் கேட்டது. பதிவில் பிழையில்லை என்று எழுதினார். ஹெட்போனை முன் துளையிலிருந்து கழற்றிப் பின் துளையில் மாட்டினார். 'மாற்றம் இல்லை.' மென்பொருளை மாற்றினார். 'மாற்றம் இல்லை.' ஒவ்வொரு தடவையும், மாற்றியதைப் பழையபடி வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டார். "ரெண்ட ஒண்ணா மாத்துனா எதுனால சரியாச்சுன்னு தெரியாம போயிரும். தெரியாம சரியானது தெரியாமயே மறுபடி கெடும்" என்றார். ஊரில் அவருடைய வேகத்தைப் பற்றி ஒரு கிண்டல் உண்டு: அக்காவிடம் கொம்பியூட்டரைக் கொடுத்துவிட்டு வந்தால், அது திரும்பி வருவதற்குள் பேரப்பிள்ளை பிறந்துவிடும்.

நாலாவது நாள், பின்னால் செருகியிருந்த வைபை குச்சியைப் பிடுங்கினார். பெரியம்மா தடங்கலில்லாமல் பேச ஆரம்பித்தார். எங்கள் வீடு மலை மடிப்புக்குள் இருக்கிறது, சிக்னல் வந்து வந்து போகும். "அங்கயும் சரி, இங்கயும் சரி, அது சிக்னலத் தேடித் தேடித் தவிச்சுக்கிட்டே கெடக்கு. அந்தத் தவிப்புல சத்தத்தக் கவனிக்க மெஷினுக்கு நேரமில்ல. எழுதுற நேரத்துல குச்சியக் கழட்டி வைங்க" என்றார். நான் அழித்துப் போட்ட எதற்கும் அந்தக் கோளாறுக்கும் சம்பந்தமேயில்லை. அன்று முதல் நான் அக்காவின் கட்சிக்காரன் ஆனேன். டீ கொதிக்கவில்லை என்றால்கூட, அடுப்பா கேத்தலா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் என்று வீட்டில் உபதேசம் செய்ய ஆரம்பித்தேன். என் மனைவி, "வாங்க கொம்பியூட்டர் அக்காவே" என்று கும்பிடு போட்டாள்.

கோயில் கதையை எங்கள் ஊரில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். மார்கழி மாதம், விடியற்காலைப் பாட்டுக்குக் கோயில் அறையில் ஒரு கொம்பியூட்டர் வைத்திருந்தார்கள். திடீரென்று பாட்டு நடுங்க ஆரம்பித்தது. கமிட்டித் தலைவர் அறைக்குள் போய்ப் பார்த்தார். ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. "மெஷினுக்குக் குளிருது, அதான் பாட்டு நடுங்குது" என்று தீர்ப்புச் சொல்லி, கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் மழைக்குப் போர்த்திக்கொள்ளும் கம்பளியைக் கொண்டுவந்து பெட்டியைச் சுற்றிப் போர்த்தினார். மறுநாள் நடுக்கம் கூடியது. இன்னொரு கம்பளியையும் போர்த்தினார்.

அக்காவைக் கூட்டிக்கொண்டு போனவன் நான்தான். அறைக்குள் நுழைந்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. அக்காவுக்கும் விளங்கியிருக்கும். ஆனால் அவர் வயரைப் பார்த்தார், அம்ப்ளிபயரைப் பார்த்தார், பாட்டைப் பார்த்தார். பிறகு ஒரு கம்பளியை எடுத்து மடித்து வைத்தார்.

"மத்ததயும் எடுங்கக்கா!" என்று சுற்றி நின்ற எல்லோரும் சத்தம் போட்டோம்.

"அதுக்கு நாளைக்கு வர்றேன்."

"உள்ள வெந்துக்கிட்டு இருக்குங்கறது பச்சப் புள்ளைக்கும் தெரியுமே!"

"தெரியுறது வேற, பாக்குறது வேற. பதறாத காரியம் சிதறாது" என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். மறுநாள் வந்து இரண்டாவது கம்பளியை எடுத்தார், அதற்கடுத்த நாள் காற்றுத் துளையில் முதலிலேயே அடைத்திருந்த தூசியைத் துடைத்தார், பாட்டு தெளிந்தது. கமிட்டித் தலைவர் மட்டும், முதல் கம்பளியால்தான் மெஷின் பிழைத்தது என்று கடைசிவரை சாதித்தார். அக்கா அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

இந்தப் பிடிவாதத்தை அவர் கைவிட்டு நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். அடுத்த வருடம் என் கொம்பியூட்டரில் மறுபடியும் சத்தம் தடங்கியது. நான் எதையும் தொடாமல், நல்ல பிள்ளையாக, அப்படியே தூக்கிக்கொண்டு போனேன். அக்கா வயரைச் செருகி ஓடவிட்டார். பெட்டிக்குள்ளிருந்து லேசாக 'டிக், டிக்' என்று ஒன்று கேட்டது. மூடியின்மேல் உள்ளங்கையை வைத்தார். கொப்பியை எடுக்கவில்லை.

"உங்க வேலையெல்லாம் இதுலதான் இருக்கா? வேற எங்கயாச்சும் எடுத்து வச்சிருக்கீங்களா?"

"இல்லக்கா."

அவ்வளவு வேகத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை. வேறொரு டிஸ்க்கை மாட்டினார், என் பைல்களை அள்ளி அள்ளி அதில் போட்டார், பகல் சாப்பாட்டுக்கு எழும்பவில்லை. "ஒவ்வொண்ணா பாக்கலையாக்கா?" என்று கேட்டேன். "டிஸ்க்கு சாகப்போகுதுன்னு தெரிஞ்சப்புறம் சோதன பண்ணக்கூடாது தம்பி. பண்ற ஒவ்வொரு சோதனையும் அதோட ஆயுசுலதான் கழியும். மொதல்ல காப்பாத்தணும். காரணத்த அப்புறமா தேடிக்கலாம்" என்றார். மாலைக்குள் என் மூன்று வருட வேலை பத்திரமாக வெளியே வந்துவிட்டது. இரண்டு நாளில் அந்த டிஸ்க் ஓடாமல் நின்றது.

அதற்கடுத்த தைப்பொங்கலுக்கு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவி தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறாள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகிற குழந்தைகளுக்கு ஊட்டுவது அவள் பொறுப்பு. யார் விழுங்குகிறார்கள், யார் வாயில் அடக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்து அவள் கண் பழகிப்போய்விட்டது. அக்கா வடையில் ஒரு வாய் கடித்ததும் தண்ணீர் குடித்தார். அடுத்த வாய்க்கும் தண்ணீர்.

"என்னாக்கா, தொண்டையில நிக்குதா?"

"கொஞ்ச நாளா நிக்குது புள்ள. பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"பாத்துக்கிட்டு இருக்கிறதுன்னா? ஆஸ்பத்திரிக்குப் போகல?"

"மிளகாய நிறுத்தியிருக்கேன். ரெண்டு கெழம ஆகட்டும்."

அக்கா போனதும் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள். "அது நல்லதுக்கில்ல. நீங்க சொல்லுங்க, உங்க பேச்சக் கேப்பாங்க." நான் அக்காவின் கட்சிக்காரன் ஆயிற்றே! "அவங்களுக்குத் தெரியாததா? ஒவ்வொண்ணா நிறுத்திப் பார்த்தாத்தான் எதுன்னு தெரியும்" என்றேன். இதை நான் சொன்னேன், இந்த வாயால்தான் சொன்னேன்.

மிளகாய்க்குப் பிறகு தேத்தண்ணீர். ஒரு தடவைக்கு ஒன்றுதான், ஆகையால் இரண்டு வாரம் கழித்துத் தேத்தண்ணீரை விட்டபோது மிளகாயைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். தேத்தண்ணீருக்குப் பிறகு கோதுமை ரொட்டி, அதற்குப் பிறகு புளி, கருவாடு, தேங்காய் என்று போனது. மனைவி பார்க்கும்போதெல்லாம் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்று நச்சரித்தாள், அக்கா "போகலாம் புள்ள, போகலாம்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். சித்திரையில் அவருடைய சட்டைக் கை தொளதொளவென்று தொங்கியது. வைகாசியில் கஞ்சியைத் தவிர வேறெதுவும் இறங்கவில்லை.

அந்த வைகாசியில் என் மெஷினில் மறுபடி சத்தம் கெட்டது. பெரிய வேலை ஒன்று கையில் இருந்தது, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும். திங்கட்கிழமை மரப்படி ஏறினேன். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், மடியில் தண்ணீர்ப் போத்தல். மேசையில் கொப்பி கடைசிப் பக்கத்தில் விரிந்து கிடந்தது. அதில் யார் பெயரும் இல்லை. 'மிளகாய், இரண்டு கிழமை, மாற்றம் இல்லை. தேத்தண்ணீர், இரண்டு கிழமை, மாற்றம் இல்லை.' இப்படியே கீழே போனது.

"வெத்தில நிறுத்தி ஒரு கெழம ஆச்சு" என்றார். "இன்னும் ஒரு கெழம பாக்கணும்."

எனக்கு அந்த டிஸ்க் ஞாபகம் வந்தது. அக்கா சொன்ன வார்த்தைகள் ஒன்றுவிடாமல் ஞாபகம் வந்தன. அவற்றை அவருக்கே திருப்பிச் சொன்னால் போதும், மறுபேச்சில்லாமல் எழுந்திருப்பார் என்றும் தெரிந்தது. "அக்கா..." என்று தொடங்கினேன்.

அவர் அதற்குள் எழுந்து என் பெட்டியின் மூடியைக் கழற்ற ஆரம்பித்திருந்தார். "எப்ப வேணும் தம்பி?"

"வெள்ளிக்கிழமைக்கு முந்தி."

"என்னமோ சொல்ல வந்தீங்களே?"

இப்போது சொன்னால் நாளைக்கே கடையைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார், என் வேலை நின்றுவிடும். வெள்ளிக்கிழமை சொல்லிக்கொள்ளலாம். இவ்வளவும் என் மனதில் ஓடி முடிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "ஒண்ணுமில்லக்கா" என்றேன்.

வியாழக்கிழமை மெஷின் சரியாகி வந்தது. வெள்ளிக்கிழமை வேலையை அனுப்பினேன். அக்காவிடம் போகவில்லை. அடுத்த கிழமையும் போகவில்லை. என்ன வெட்கமோ, ஒருமுறை தள்ளிப்போட்டதைச் சொல்ல மறுபடி வாய் வரவில்லை. யாருக்காக அந்த வேலையைச் செய்தேன் என்பதுகூட இன்று ஞாபகத்தில் இல்லை.

ஆனி மாதம் என் மனைவி பொறுமை இழந்தாள். லயத்துக்கு ஏறிப்போய், அக்காவைக் கையைப் பிடித்து இறக்கி, நுவரெலியா பஸ்ஸில் ஏற்றி, தானும் கூடவே போனாள். அங்கே பார்த்துவிட்டுக் கண்டிக்கு அனுப்பினார்கள். கண்டியில் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். எத்தனை மாதமாக இப்படி இருக்கிறது என்று டொக்டர் சிங்களத்தில் கேட்டாராம். அக்காவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு, ஆனாலும் பைக்குள்ளிருந்து கொப்பியை எடுத்து நீட்டினார். டொக்டருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. என் மனைவி வாங்கி, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். மிளகாய், வெனசக் நே. தேத்தண்ணீர், வெனசக் நே. ரொட்டி, வெனசக் நே. இப்படியே போய் வெத்திலை, வெனசக் நே. மாற்றமில்லை என்பதைத் தவிர அந்தப் பக்கத்தில் வேறு சங்கதியே இல்லை. கடைசி வரியைச் சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு மூன்று மாதம் முந்தி வந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்று டொக்டர் மெதுவாகச் சொன்னார். அதை யாரும் அக்காவுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு அவர் லயத்துக்கே திரும்பிவிட்டார். தம்பியும் தம்பி மனைவியும் வேலைக்குப் போகிற பகல் நேரத்தில் என் மனைவி போய்ப் பார்த்துக்கொள்வாள். நான் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இன்னைக்கு நீங்க வரலன்னா நான் உங்களோட பேச மாட்டேன்" என்று மனைவி இழுத்துக்கொண்டு போனாள்.

அக்கா பாயில் சுவர்ப்பக்கம் சாய்ந்திருந்தார். கை விரல்கள்தான் பழைய அக்காவாக இருந்தன. மனைவி வெந்நீர் வைக்கப் பின்னால் போனாள். நான் கீழே உட்கார்ந்தேன். மெஷின் எப்படி ஓடுகிறது என்று கேட்டார், நன்றாக ஓடுகிறது என்றேன்.

"தம்பி, அன்னைக்குக் கடையில என்னமோ சொல்ல வந்தீங்க. என்னா அது?"

பொய் சொல்ல எனக்கு நன்றாக வரும். அன்று வரவில்லை. "உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொல்ல வந்தேன்க்கா. வேல முடியட்டும்னு இருந்துட்டேன்" என்றேன்.

அக்கா தலையை ஆட்டினார். நினைத்தது சரியாகப் போனபோது கடையில் ஆட்டுவாரே, அப்படி.

"உங்க வீட்டுக்காரிக்கு கால்ல முள்ளு குத்துனாலும் ஆஸ்பத்திரிதான். அதனால அது சொன்னத நான் எடுத்துக்கல. நீங்க நம்ம மாதிரி ஒவ்வொண்ணா பாக்குற ஆளு. நீங்க சொல்லியிருந்தா போயிருப்பேன்."

குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மனைவி வெந்நீரோடு உள்ளே வந்து, "என்னாக்கா, ரெண்டு பேரும் என்னா ரகசியம் பேசுறீங்க?" என்று கேட்டாள்.

"ரகசியம் ஒண்ணுமில்ல புள்ள. கொம்பியூட்டர் கததான்" என்றார் அக்கா.

அதிலிருந்து ஒன்பதாம் நாள் அக்கா போய்விட்டார். வருடம் மூன்றாகிறது. மழை பிடித்துக்கொண்டு வெளியே போக முடியாத பொழுதுகளில் அக்காவின் பேச்சு எப்படியோ வந்துவிடும். "நான் இன்னும் கொஞ்சம் கத்திச் சொல்லியிருக்கணுங்க. நான் சரியாச் சொல்லல, அதான் அவங்க கேக்கல" என்று மனைவி மூக்கை உறிஞ்சுவாள். நான் எதிரே உட்கார்ந்து, நீ என்ன செய்வாய், உன்னால் முடிந்ததைச் சொன்னாய் என்று அவளைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன்.